தாத்தா விட்டுப்போன தூண்டில் பெட்டியை எடைக்குப் போடலாமா?



கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரம் இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை படித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய தூண்டில் சாமான்களைப் பற்றி எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது என்ன பொருள், யார் செய்தது, எந்த மீனுக்கு, எந்தத் தண்ணீருக்கு என்று எழுதி வைக்காமல் அதை விற்கவும் கூடாது, பங்கு பிரிக்கவும் கூடாது. விற்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அவரவர் வீட்டுக் கஷ்டம் அவரவருக்குத்தான் தெரியும்.

இதை இப்போது எழுதக் காரணம், என்னிடம் படித்த அண்ணன் தம்பி இரண்டு பேர் மூன்று மாதமாகப் பேசிக்கொள்ளாமல் இருந்ததுதான். நடுவில் நின்றது ஒரு தகரப் பெட்டி. அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயரும் தெருவும் வேண்டாம், யாரும் ஊகித்துச் சொல்லவும் வேண்டாம்.

அவர்களுடைய அம்மாவழித் தாத்தா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். துரை ஊருக்குப் போகும்போது தன் தூண்டில் பெட்டியை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். தாத்தா அதைத் தூக்கிக்கொண்டு ரிஷிவந்தியம் வந்து சேர்ந்தார். அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. போன தை மாதம் வீட்டை இடித்துக் கட்டும்போது பரணிலிருந்து பெட்டி இறங்கியது. பெரியவன், "பழைய இரும்புக்காரர் வந்தால் போட்டுவிடலாம்" என்றான். பெங்களூரில் இருக்கும் சின்னவன் செல்போனில் எதையோ பார்த்துவிட்டு, "இதெல்லாம் லட்சக்கணக்கில் போகும், கை வைக்காதே" என்றான். நடுவில் ஒரு புரோக்கர் வந்து, பெட்டியோடு அப்படியே கொடுத்தால் 15,000 ரூபாய் என்றார். அதற்கப்புறம்தான் சண்டை. "சார், நீங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டார்கள். போனேன்.

பெட்டியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், பொய்யிரை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு சின்னப் பாடம். பழக்கம் விடாது.

நம் ஊர்த் தூண்டிலில் மண்புழு, மாவு உருண்டை, பொடி மீன், தவளை என்று உண்மையான இரையைக் கோர்ப்போம். மரத்தாலோ உலோகத்தாலோ இறகாலோ இரை மாதிரி செய்து மீனை ஏமாற்றுவதுதான் பொய்யிரை. ஆங்கிலத்தில் லூர் என்பார்கள். கரண்டி வடிவத்தில் இருப்பது ஸ்பூன். அதைத் தண்ணீரில் இழுத்தால் புரண்டு புரண்டு பளபளக்கும். அடிபட்ட குஞ்சு மீன் தடுமாறுகிற மாதிரி இருக்கும். மீனுக்குக் கண் மட்டுமா, உடம்பின் இரண்டு பக்கமும் ஓடும் கோட்டில் தண்ணீரின் அதிர்வை உணரும் உறுப்பு இருக்கிறது என்று எட்டாம் வகுப்பில் படம் போட்டுக் காட்டியது ஞாபகம் இருக்கிறதா? அந்த அதிர்வுக்கும் சேர்த்துத்தான் இந்த வேஷம்.

ஸ்பூனுக்கு ஒரு கதை சொல்வார்கள். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் ஜூலியோ பியூல் என்பவர் படகில் சாப்பிடும்போது கரண்டி ஏரியில் விழுந்ததாம், அது மூழ்குவதற்குள் ஒரு மீன் பாய்ந்து கவ்வியதாம். கதையை எவ்வளவு நம்புவதோ, அவர் 1852இல் காப்புரிமை வாங்கியது உண்மை. ஒஹாயோவில் ரைலி ஹாஸ்கெல் என்ற துப்பாக்கி செய்பவர் 1859இல் உலோக மீன் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். மிச்சிகனில் ஜேம்ஸ் ஹெட்டன் 1898 வாக்கில் மரத்தில் தவளை செதுக்கினார், பின்னால் அது பெரிய கம்பெனி ஆனது. பின்லாந்தில் லௌரி ரப்பாலா என்ற ஏழை மீனவர் 1936இல் தக்கையைச் செருப்புத் தைக்கும் கத்தியால் செதுக்கி, சாக்லேட் சுற்றிய ஈயத்தாளை ஒட்டி, பழைய போட்டோ நெகட்டிவை உருக்கி மேலே பூசி ஒரு மீன் செய்தார். இன்று கோமுகி அணைக்குத் தூண்டில் போடப் போகும் பையன்கள் வாங்குகிற ரப்பாலா அவர் பெயர்தான்.

இந்தச் சாமான்கள் நம் பக்கம் வந்தது வெள்ளைக்காரர்களோடு. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் இந்தியாவில் தூண்டில் பிடிப்பது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1887இல் ஏரி குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே தனியாக இன்னொன்று எழுதினார். நீலகிரியில் ட்ரவுட் மீன் வளர்க்க 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வைத்தார்கள். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று துரைமார் இருந்த இடமெல்லாம் தூண்டில் பெட்டியும் இருந்தது. அவர்கள் கப்பல் ஏறியபோது அதில் சில பெட்டிகள் சமையல்காரர், டிரைவர், கணக்குப்பிள்ளை வீடுகளுக்கு வந்தன. அதனால்தான் சொல்கிறேன், உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

சரி, எப்படி அடையாளம் காண்பது?

முதலில் எழுத்தைப் பாருங்கள். பொருளைவிடப் பெட்டியிலும் பொட்டலத்திலும் இருக்கும் எழுத்து அதிகம் பேசும். ஒரு உதாரணம். ஒரு ரசீதில் "தென்னாற்காடு ஜில்லா" என்று இருந்தால் அது 1993க்கு முந்தையது என்று நினைக்கலாம். விழுப்புரம் மாவட்டம் என்றால் 1993க்குப் பிறகு. கள்ளக்குறிச்சி மாவட்டம் என்றால் 2019க்குப் பிறகு. நாம் வீடு மாறவே இல்லை, விலாசம் மட்டும் இரண்டு தடவை மாறிவிட்டது! விலை 2-8-0 என்று போட்டிருந்தால் இரண்டு ரூபாய் எட்டு அணா, அதாவது 1957இல் நயா பைசா வருவதற்கு முன். விலாசத்தில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972க்குப் பின்.

வெளிநாட்டுச் சாமானுக்கும் இதே கணக்குதான். அமெரிக்காவுக்குள் வரும் சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்று போடவேண்டும் என 1890இல் சட்டம் வந்தது. ஜப்பான்காரர்கள் முதலில் "நிப்பான்" என்று போட்டார்கள், 1921க்குப் பிறகு "ஜப்பான்" என்று மாற்றவேண்டி வந்தது. "ஆக்குபைடு ஜப்பான்" என்று இருந்தால் 1945க்கும் 1952க்கும் இடைப்பட்டது. இங்கிலாந்துச் சாமானில் "ஆர்.டி. நம்பர்" என்று ஒரு எண் இருந்தால் அது வடிவத்தைப் பதிவு செய்த எண், அந்த வரிசை 1884இல் தொடங்கியது. "ரெட்டிச்" என்ற ஊர்ப் பெயர் இருக்கிறதா பாருங்கள். தையல் ஊசிக்கும் தூண்டில் முள்ளுக்கும் உலகப் பெயர் பெற்ற இங்கிலாந்து ஊர் அது. ஊசி செய்யத் தெரிந்தவன் முள் செய்யத் தொடங்கியதில் ஆச்சரியம் இல்லை. நம் ஊர்ப் பையன்களும் ஊசியை விளக்கில் காட்டி வளைத்துத்தானே முள் செய்தார்கள்.

அடுத்தது, கட்டியிருக்கும் கயிறு. தங்கூஸ் நரம்பு நமக்கு அன்றாடப் பொருள் ஆகிவிட்டது. ஆனால் நைலான் என்பதே 1938இல்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் பட்டு நூல், பருத்தி நூல், குதிரை வால் முடி, அப்புறம் பட்டுப்புழுவின் உடம்புக்குள் இருக்கும் பட்டுச் சுரப்பியை இழுத்துக் காயவைத்த நரம்பு. முள்ளின் தலையில் ஓட்டை இல்லாமல் தட்டையாக இருந்து, அதில் இப்படிப்பட்ட நரம்பைச் சுற்றிக் கட்டியிருந்தால் பழையது என்று பிடித்துக்கொள்ளலாம். தொட்டால் பொடிந்துவிடும், ஜாக்கிரதை.

மர மீன் என்றால் கண்ணைப் பாருங்கள். கண்ணாடிக் கண் வைத்தது பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது, அதன் பிறகு பிளாஸ்டிக் உடம்பும் வரைந்த கண்ணும் வந்துவிட்டன. இதை மட்டும் நம்பிவிடாதீர்கள், இன்றைக்கும் கண்ணாடிக் கண் வைத்துப் புதிதாகச் செய்கிறவர்கள் உண்டு. மேலே பூசிய வண்ணம் அசலா, நடுவில் யாராவது தொட்டுப் பூசியதா என்று பார்க்க, கடையில் கள்ள நோட்டு பார்க்கும் ஊதா விளக்கு போதும். பின்னால் பூசிய இடம் அந்த வெளிச்சத்தில் வேறு மாதிரி தெரியும்.

தயவுசெய்து இதை மட்டும் கேளுங்கள்: புளி போட்டோ சபீனா போட்டோ தேய்க்காதீர்கள். பித்தளைச் சொம்பு விளக்குகிற கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். அந்தக் கறுப்புதான் அதன் வயதுக்குச் சாட்சி. தேய்த்த ஸ்பூனையும் வண்ணம் அடித்த மர மீனையும் சேகரிப்பவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். துணியால் தூசி துடைத்தால் போதும். ரப்பர், மெத்தென்ற பிளாஸ்டிக் இரைகளை மர மீனோடு ஒரே டப்பாவில் போடவும் வேண்டாம், நாளாவட்டத்தில் வண்ணத்தை உருக்கி ஒட்டிக்கொள்ளும். ஈயக்குண்டுகளைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள், ஈயம் விஷம்.

இனி விலை. சின்னவன் செல்போனில் பார்த்தது பொய்யில்லை. நான் சொன்ன ஹாஸ்கெல் மீன், பெரிய அளவில் செய்த ஒன்று, 2003இல் அமெரிக்காவில் ஏலத்தில் 1,01,200 டாலருக்குப் போனது. அன்றைய கணக்கில் 45 லட்சம் ரூபாய்க்கு மேல். ஆனால் தம்பி, அது ஒன்று. லாட்டரியில் ஒருவனுக்கு விழுந்ததை வைத்துக்கொண்டு நம் கையில் இருக்கும் சீட்டுக்கு விலை போட முடியுமா? சாதாரணப் பழைய ஸ்பூன்கள் அங்கேயே சில டாலருக்குத்தான் போகின்றன. விலை பார்க்கும்போது, விற்கிறவன் கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், உண்மையில் விற்று முடிந்த விலையைப் பாருங்கள். ரகம் அரிதா, வண்ணம் அசலா, முட்கள் அசலா, காகிதப் பெட்டி இருக்கிறதா என்பதை வைத்துத்தான் விலை. சில சமயம் உள்ளே இருக்கும் மீனைவிட அந்த வெறும் காகிதப் பெட்டிக்குத்தான் அதிக விலை, ஏனென்றால் பெட்டியை எல்லோரும் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

புரோக்கர்களைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் அரிசியை இழுக்கும் சொம்பு, இரிடியம் கலசம் என்று சொல்லி எத்தனை குடும்பத்தை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். பழைய பொருள் என்றாலே ஒருவருக்கு லட்சம் தெரிகிறது, இன்னொருவருக்குக் குப்பை தெரிகிறது. இரண்டு பேரையுமே ஏமாற்றுவது சுலபம். "பெட்டியோடு அப்படியே கொடுங்கள்" என்று சொல்பவரிடம், "ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். அந்த 15,000 ரூபாய்க்காரர் அப்படிக் கேட்டதும் டீ கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

சட்டமும் இருக்கிறது. 1972ஆம் ஆண்டுத் தொன்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுக்குக் குறையாத, வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. சந்தேகம் இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, இது தொன்பொருள் அல்ல என்று சான்று வாங்கிக்கொண்டுதான் அனுப்பவேண்டும். அமெரிக்காவில் இருக்கும் என் மாணவர்கள் கவனிக்க. ஊருக்கு வந்துவிட்டுப் போகும்போது பையில் போட்டுக்கொண்டு போகிற சமாச்சாரம் இல்லை இது.

பெட்டிக்கு வருகிறேன். கண்ணாடிக் கண் வைத்த மர மீன் ஒன்று இருந்தது. சின்னவன் லட்சம் என்று நினைத்தது அதைத்தான். வயிற்றில் "மேட் இன் ஜப்பான்". அமெரிக்க மீன்களைப் பார்த்து ஜப்பானில் மலிவாகச் செய்து அனுப்பிய ரகம். நான்கு ஸ்பூன்கள், அதில் ஒன்றில் ரெட்டிச் முத்திரை. சுழலும் உலோக மீன் ஒன்று, டெவன் என்பார்கள். முள் பொட்டலங்கள், ஈயம், மயிலிறகுத் தண்டில் செய்த தக்கைகள். அடியில், நியூஸ் பேப்பரில் சுற்றி, கறுப்பாக ஒரு பொருள். பெரியவன் அதைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டான். அவன் அம்மா குனிந்து எடுத்தார்.

"இது தவக்களை சார். எங்கப்பா செஞ்சது."

சைக்கிள் ட்யூபை வெட்டி, மடித்து, உள்ளே பஞ்சு வைத்து நூலால் தைத்திருந்தது. பின்னால் இரண்டு கால். குடைக்கம்பியை ராவி வளைத்த இரண்டு முள், முனை மேலே பார்த்து, ரப்பரோடு ஒட்டிப் படுத்திருந்தது. அந்த அக்காவுக்கு 78 வயது. நான் நோட்டை எடுத்ததும் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். துரை கொடுத்த ஸ்பூனை அப்பா நம் ஏரியில் போட்டுப் பார்த்தாராம். தாமரைக் கொடியிலும் கோரையிலும் மாட்டி மாட்டி அறுந்துபோனதாம். ஏற்காட்டுத் தண்ணீர் வேறு, இந்தத் தண்ணீர் வேறு என்று சொல்லிவிட்டு, இலை மேல் இழுத்தாலும் மாட்டாத மாதிரி இதைச் செய்தாராம். விரால் கவ்வி ரப்பரை அமுக்கினால்தான் முள் வெளியே வரும். விடியற்காலையில், காற்று இல்லாதபோது, இரண்டு இழு, ஒரு நிறுத்து. நிறுத்தும்போதுதான் அடிக்கும். சிவப்பாகக் குஞ்சுக் கூட்டத்தோடு விரால் திரியும் நாளில் போடமாட்டாராம். தாயைப் பிடித்துவிட்டால் குஞ்சுகளைக் கெளுத்தி தின்றுவிடும் என்பாராம்.

இன்றைக்கு ஆன்லைனில் வாங்கும் ரப்பர் தவளையை எடுத்துப் பாருங்கள். அதே அமைப்பு. முள் முதுகோடு படுத்திருக்கும், அமுக்கினால் வெளியே வரும். வேறு நாடுகளிலும் ரப்பர் தவளைகள் செய்தார்கள், தாத்தாதான் உலகத்திலேயே முதல் ஆள் என்று நான் பெருமை பேசவில்லை. ஆனால் ஹெட்டன் தவளை செதுக்கிய கதை எழுதப்பட்டிருக்கிறது, ரப்பாலா தக்கை செதுக்கிய கதை எழுதப்பட்டிருக்கிறது. நம் ஏரிக்கரையில் ட்யூபை வெட்டியவர் கதை அந்த அம்மாவின் நினைவில் மட்டும் இருந்தது. இன்னும் பத்து வருஷம் கழித்துப் பெட்டி திறந்திருந்தால் அது வெறும் கிழிந்த ட்யூப்.

அர்த்தநாரீஸ்வரர் கோயில் தூணைப் படம் எடுக்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நல்லது, வரட்டும். வீட்டில் குத்துவிளக்குக்கும் தாம்பாளத்துக்கும் பெயர் வெட்டி வைக்கிறோம். ஊத்தாவுக்கும் பறிக்கும் தூண்டிலுக்கும் யார் பெயர் வெட்டினார்கள்? மீன் பிடிக்கிறவன் சாமான் என்று ஒரு இளக்காரம் நமக்குள் இருக்கிறது. நான் வெளிப்படையாகவே சொல்கிறேன், அது சாதி பார்த்து வந்த இளக்காரம். சென்னை மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்ற வெள்ளைக்காரர் 1920களில் நம் கடற்கரை மீனவர்களின் வலையையும் தூண்டிலையும் உட்கார்ந்து பார்த்து எழுதினார். உள்ளூர் ஏரிச் சாமானை எழுத நமக்கு ஏன் யாராவது கப்பலில் வரவேண்டும்?

"சார், அந்தத் தவளைக்கு மார்க்கெட்டில் எவ்வளவு?" என்று சின்னவன் கேட்டான். பூஜ்யம் என்றேன். கம்பெனிப் பெயர் இல்லாததைச் சேகரிப்பவர்கள் வாங்குவது அபூர்வம். ஸ்பூன்களையும் ஜப்பான் மீனையும் இந்தியாவுக்குள்ளேயே ஒரு சேகரிப்பாளருக்கு விற்றுச் சமமாகப் பிரித்துக்கொள்ளுங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை என்றேன். அதற்கு முன் எல்லாவற்றுக்கும் படம் எடுத்து, 40 பக்க நோட்டில் பட்டியல் எழுதவைத்தேன். தவளையும் மயிலிறகுத் தக்கையும் அம்மாவிடம் இருக்கும் என்று முடிவானது. பெரியவன் ஒப்புக்கொண்டான். சின்னவனுக்கு என்மேல் இன்னும் கொஞ்சம் வருத்தம்தான், லட்சத்தை நான்தான் கலைத்துவிட்டேன் என்று. ஆனால் அண்ணனோடு பேசுகிறான்.

உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது இருந்தால் எனக்குப் படம் அனுப்புங்கள். வெயில் படாத வெளிச்சத்தில், வெள்ளைத் துணி மேல் வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுக்கவேண்டும். முன்பக்கம், பின்பக்கம், முள் மாட்டியிருக்கும் இடம், எழுத்து இருந்தால் அது மட்டும் தனியாக. முள்ளைக் கழற்றவேண்டாம். சுற்றி வைத்திருந்த நியூஸ் பேப்பரைத் தூக்கிப் போடாதீர்கள், அதில் தேதி இருக்கும். வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைச் செல்போனில் பதிவு செய்து அதையும் அனுப்புங்கள். அவர்கள் சொல்லும் மீன் பெயரைப் புத்தகத் தமிழுக்கு மாற்றாமல், அவர்கள் வாயில் வந்தபடியே இருக்கட்டும்.